சிறுகதையிலே தெய்வ சோதனை

யாழ்ப்பாணத்துத் தமிழ் வழக்கிலே 'சோதனை' என்னும் சொல் பல பொருள்களைச் சுமந்து நிற்கின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஆண்டிறுதியில் எழுதுவதும் சோதனையே. பயிர் அழிந்து, வீட்டிலே நோய் புகுந்து, மனம் உடைந்திருக்கும் வேளையில் 'இது ஆண்டவன் சோதனை' என்று மூத்தோர் தேற்றுவதும் சோதனையே. கிறித்தவர்கள் நாள்தோறும் சொல்லும் செபத்திலும் இச்சொல் வருகின்றது. அங்கே தீமையின்பால் இழுக்கும் ஆசையை அது குறிக்கின்றது. தேர்வு, துன்பம், ஆசைகாட்டல் ஆகிய மூன்றும் இவ்வொரு சொல்லுள் அடங்குகின்றன. ஒருவன் தெய்வத்தின்மேல் வைத்த நம்பிக்கை உறுதியானதா, வாயளவில் நிற்பதா என்பது வெளிப்படும் இடம் அது. அந்த இடத்தைப் பழைய கதைகள் எவ்வாறு காட்டின, சென்ற இரண்டு நூற்றாண்டுகளிலே வளர்ந்த சிறுகதை எவ்வாறு காட்டியது, இரண்டுக்கும் இடையே உள்ள உறவு யாது என்பனவே இங்கு ஆராயப்படுவன.

வேலணைத் தீவிலுள்ள புளியங்கூடல் போன்ற ஊர்களிலே பல தலைமுறைகளாகக் கதை கேட்கும் இடம் கோயில் மண்டபமே. புராண படனம் என்று வழங்கும் மரபிலே ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். எழுத்தறியாதாரும் கந்தபுராணத்தையும் பெரியபுராணத்தையும் திருவாதவூரடிகள் புராணத்தையும் இவ்வாறு செவிவழியே பயின்றனர். நல்லூர் ஆறுமுகநாவலர் பெரியபுராணத்தை வசனமாக எழுதி 1852 ஆம் ஆண்டிலே அச்சிட்ட பின்னர், அக்கதைகள் வீட்டுத் திண்ணைகளுக்கும் வந்து சேர்ந்தன. ஆகவே, சோதனைக் கதை என்றால் இந்நாட்டுத் தமிழர் நினைவில் முதலில் எழுவோர் நாயன்மார்களே.

இளையான்குடி மாறனார் கதையை நேயர்கள் அறிவார்கள். அடியார்க்கு அமுதளித்தே செல்வம் கரைந்துபோன உழவர் அவர். மழை பெய்யும் இரவிலே பசியோடு ஒரு விருந்தினர் வந்து நிற்கிறார். வீட்டிலே ஒரு பிடி அரிசியும் இல்லை. அன்று பகலில் விதைத்த நெல் ஒன்றுதான் உண்டு என்று மனைவியார் நினைவூட்டுகிறார். மாறனார் கூடையைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு, இருளிலே காலால் வழியைத் தடவி வயலுக்குப் போய், மழைநீரில் மிதந்த முளைநெல்லை வாரி வருகிறார். விறகில்லை என்றதும் கூரையின் வரிச்சுகளை அறுத்துக் கொடுக்கிறார். உணவு ஆயிற்று, விருந்தினரை எழுப்புகிறார். அங்கே விருந்தினர் இல்லை, சோதி எழுகின்றது.

சிறுத்தொண்டர் கதை இதனினும் கொடியது. வயிரவக் கோலத்தோடு வந்த ஒருவர் பிள்ளைக் கறி கேட்கிறார். பெற்றோர் தம் ஒரே மகன் சீராளனை அரிந்து சமைக்கின்றனர். இறுதியில் 'மகனை அழை' என்ற சொற் கேட்டு அழைக்க, பள்ளியிலிருந்து வருபவன்போல அவன் ஓடி வருகிறான். அரிச்சந்திரன் கதையும் இவ்வினத்தது. நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் 'மயான காண்டம்' நாடகத்தை யாழ்ப்பாணத்து ஊர்கள் விடிய விடியப் பார்த்து அழுதன. பொய் ஒன்று சொன்னால் நாடும் மனைவியும் மகனும் மீளும் என்ற ஆசைகாட்டலே அரசனுக்கு நேர்ந்த சோதனை. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதே இடத்தில் நிற்பவர் விவிலியத்து யோபு. பிள்ளைகள் பத்துப் பேரும் மாண்டு, மந்தைகள் போய், உடலெங்கும் புண்ணாகிச் சாம்பலில் இருக்கும் அவரிடம் நண்பர்கள் வந்து, 'நீ பாவம் செய்திருக்க வேண்டும்' என்று வாதிடுகிறார்கள். அவர் தம் நிலை பிறழவில்லை. இழந்தவற்றை இருமடங்காகப் பெறுகிறார்.

இக்கதைகளுக்கெல்லாம் பொதுவான அமைப்பு ஒன்றுண்டு. சோதிப்பவர் யார் என்பது தொடக்கத்திலேயே கேட்போருக்குச் சொல்லப்பட்டுவிடுகின்றது. வந்த விருந்தினர் சிவபெருமான் என்பதைச் சேக்கிழார் சொல்லிவிடுகிறார். விசுவாமித்திரர் சபதம் செய்ததும், சாத்தான் இறைவனிடம் அனுமதி பெற்றதும் முதற் காட்சியிலேயே வந்துவிடுகின்றன. முடிவிலே பெறுபேறும் வெளிவருகின்றது: இடபம் தோன்றும், வானவர் மலர் தூவுவர், இழந்தது மீளும். ஆதலால் கேட்போர் கண்ணீர் விட்டபோதிலும் உள்ளத்தின் அடியிலே அஞ்சுவதில்லை. ஆனால் கேட்போருக்குத் தெரிந்தது கதைக்குள்ளே இருப்பவருக்குத் தெரியாது. மாறனார் சிவபெருமானுக்காக முளைநெல் வாரவில்லை. பசித்த ஒருவருக்காகவே வாரினார். மழை, இருள், பசி, நாளைக்கு விதையின்மை ஆகிய இவையே அவர் அறிந்தவை. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு சிறுகதைக்கு வருதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சஞ்சிகைகள் பெருகியபோது, ஒரே இருப்பில் படித்து முடிக்கத்தக்க சிறுகதை உருப்பெற்றது. அது செய்த மாற்றங்களிலே முதன்மையானது, கேட்போர் அமர்ந்திருந்த அந்தப் பாதுகாப்பான ஆசனத்தை எடுத்துவிட்டமை. சோதிப்பவர் யார் என்பது சொல்லப்படுவதில்லை, பெறுபேறு வெளிவருவதுமில்லை. படிப்பவரும் மாறனாரைப் போல இருளிலே காலால் வழி தடவ வேண்டியவராகிறார்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்ன் 1835 ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'யங் குட்மன் பிரவுண்' என்னும் கதை. சேலம் என்ற ஊரிலே, மணம் முடித்து மூன்று மாதமேயான இளைஞன் பிரவுண் ஒரு மாலைப் பொழுதில் மனைவியிடம் விடைபெற்றுக் காட்டுக்குப் போகிறான். மனைவியின் பெயர் பெய்த். ஆங்கிலத்திலே அது 'விசுவாசம்' என்று பொருள்படும். காட்டு வழியில் பாம்பு போன்ற கைத்தடி ஏந்திய ஒருவன் துணை வருகிறான். பிரவுண் திரும்ப எண்ணும்போதெல்லாம் அவன் இதமாகப் பேசி இன்னும் சிறிது தூரம் அழைத்துச் செல்கிறான். பிரவுணுக்குச் சிறு வயதில் வேதபாடம் கற்பித்த முதியவளும், ஊர்த் திருச்சபையின் மூப்பரும், போதகரும் அதே வழியாகப் போவதை அவன் காண்கிறான். அல்லது கண்டதாக எண்ணுகிறான். நடுக்காட்டில் தீ எரிகின்றது. நல்லோர் என்று பெயரெடுத்த அனைவரும் அங்கே பசாசின் கூட்டத்தில் நிற்கின்றனர். மனைவியும் நிற்கிறாள். 'வானத்தைப் பார், தீயவனுக்கு இணங்காதே' என்ற கருத்தில் அவன் கூவுகிறான். அடுத்த கணம் காடு வெறுமையாக இருக்கின்றது.

அவள் இணங்கினாளா, இல்லையா? கண்டது கனவா, நனவா? ஆசிரியர் சொல்லவில்லை. சொல்வது இவ்வளவே: மறுநாட் காலை ஊருக்குத் திரும்பிய பிரவுண், ஓடிவந்து வரவேற்ற மனைவியை வாழ்த்தாமல் கடந்து போகிறான். வேதபாடம் சொல்லும் முதியவளிடமிருந்து ஒரு சிறுமியைப் பிடுங்கி எடுக்கிறான். போதகரின் பிரசங்கம் அவன் செவியில் நஞ்சாகின்றது. நெடுங்காலம் வாழ்ந்து, பிள்ளைகளும் பேரரும் கண்டு, ஒருவரையும் நம்பாமல் இருண்ட மனத்தோடு இறக்கிறான்.

மேலோட்டமாகப் பார்த்தால் பிரவுண் சோதனையிலே தேறியவன். பசாசின் கூட்டத்தில் அவன் சேரவில்லை, வானத்தையே நோக்கினான். ஆயினும் அவன் தோற்றான் என்பதைக் கதை உணர்த்துகின்றது. அவனுக்கு வைக்கப்பட்ட உண்மையான ஆசைகாட்டல் தீமை செய்யும்படி அழைத்த அழைப்பு அன்று. 'நீ ஒருவனே தூயவன், மற்றையோர் எல்லோரும் வேடதாரிகள்' என்ற எண்ணமே அது. அதற்கு அவன் இணங்கிவிட்டான். இக்கதையின் பின்னே ஒரு வரலாறும் உண்டு. 1692 ஆம் ஆண்டிலே சேலம் ஊரில் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்குகளை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் ஹாதோர்னின் முன்னோர். அயலவனைப் பசாசின் ஆளாகக் காணும் பக்தி எத்தகைய முடிவைத் தரும் என்பதை அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் அறிந்திருந்தார்.

ருசிய நாட்டு எழுத்தாளர் தோல்ஸ்தோய் இதே வினாவை வேறு திசையிலிருந்து அணுகினார். அவர் இறந்த மறுவருடமாகிய 1911 இலே வெளிவந்த 'தந்தை செர்கியஸ்' ஒரு நெடிய சிறுகதை. இளவரசர் குலத்துப் படை அதிகாரி ஒருவன், தான் மணக்கவிருந்த பெண் முன்னர் சக்கரவர்த்தியின் ஆசைக்கு ஆளானவள் என்று அறிந்து துறவியாகிறான். குகையிலே தனித்துத் தவம் புரிகையில், ஓர் இரவு விளையாட்டாக அவனை மயக்க ஒரு பெண் வருகிறாள். உடல் தடுமாறும் நேரத்தில் அவன் கோடரியால் தன் விரலையே வெட்டி எறிந்து ஆசையை வெல்கிறான். புராணமாயின் கதை இங்கே முடிந்திருக்கும், தேவதுந்துபி முழங்கியிருக்கும்.

தோல்ஸ்தோயின் கதையோ இதன் பின்னரே உண்மையாகத் தொடங்குகின்றது. விரலை வெட்டிய செய்தியால் துறவியின் புகழ் பரவுகின்றது. நோயாளிகள் திரள்கின்றனர், மடம் செல்வம் பெறுகின்றது. தவத்திலே கிடைத்த அமைதி மெல்ல மெல்ல வற்றி, மக்களின் பாராட்டு அவ்விடத்தை நிரப்புகின்றது. பெருஞ்சோதனையிலே கோடரி எடுத்தவன், பின்னொருநாள் அற்பமான ஒரு சோதனையிலே வீழ்ந்துவிடுகிறான். மடத்தை விட்டோடி, சிறுவயதில் அறிந்த பாஷெங்கா என்ற எளிய பெண்ணின் வீட்டை அடைகிறான். சங்கீதம் கற்பித்து, நோயாளியான மருமகனையும் மகளையும் பேரப்பிள்ளைகளையும் காத்து வருபவள் அவள். கோயிலுக்குக்கூட ஒழுங்காகப் போக முடியவில்லையே என்று தன்னைப் பாவியாக எண்ணுபவள். கடவுளின் பெயரால் தான் மனிதருடைய புகழுக்கு வாழ்ந்ததையும், மனிதருக்கு உழைப்பதாக எண்ணிய அவள் கடவுளுக்கு வாழ்ந்ததையும் அவன் அங்கே கண்டுகொள்கிறான். முடிவிலே சைபீரியாவில் ஒரு குடியானவனுடைய தோட்டத்தில் வேலை செய்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, நோயாளிகளைப் பார்த்துப் பெயரற்றவனாக வாழ்கிறான்.

இந்தத் திருப்பத்தைத் தமிழிலே மிகத் துணிவோடு செய்தவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் 1906 இலே பிறந்து 1948 இலே மறைந்தார். 1943 ஆம் ஆண்டிலே கலைமகளில் வெளிவந்த இவருடைய இரண்டு கதைகள் இப்பொருளுக்கு இன்றியமையாதவை.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதையிலே பழைய சோதனை தலைகீழாகின்றது. சென்னையின் நாற்சந்தி ஒன்றிலே சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையிடம் ஒரு முதியவர் வழி கேட்கிறார். அவர் கடவுள். கந்தசாமிப் பிள்ளை அவரைக் காப்பிக் கடைக்கு அழைத்துச் செல்கிறார். வீட்டுக்கும் கூட்டிப் போகிறார். ஆனால் வரம் ஏதும் கொடுக்க வேண்டாம் என்பது அவர் விதிக்கும் கட்டுப்பாடு. கடவுள் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். மண்ணுலகிலே தாமும் உழைத்துப் பிழைத்துப் பார்க்கலாம் என்று நடனமாடிக் காட்டியும் மதிப்பார் இல்லை. தொலைவிலிருந்து வரம் கொடுத்தல் எளிது, மனிதரோடு ஒருவராய் வாழ்தல் அரிது என்று உணர்ந்தவராய் விடைபெறுகிறார். இங்கே சோதிக்கப்படுபவர் கடவுளே. அவ்வீட்டுச் சிறுமி வள்ளி மட்டும் அவரிடம் ஒன்றையும் எதிர்பாராமல், தாத்தா என்றழைத்து விளையாடுகிறாள். எள்ளல் நிறைந்த இக்கதையை நாத்திகக் கதை என்று தள்ளிவிடுவது பொருந்தாது. வரத்துக்காகச் செய்யப்படும் பக்தி வியாபாரம் என்று நாயன்மார் கதைகளும் கருதின. கந்தசாமிப் பிள்ளை அந்த வியாபாரத்தைச் செய்ய மறுக்கிறார்.

'சாப விமோசனம்' இதனினும் ஆழமானது. இராமனுடைய பாததூளி பட்டு அகலிகை கல்லுருவம் நீங்குகிறாள். புராணம் அங்கே மங்களம் பாடி முடித்துவிடும். புதுமைப்பித்தனோ, கல் பெண்ணான பின் அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்று கேட்கிறார். கௌதமர் மன்னித்தார், ஆயினும் ஒவ்வொரு சொல்லிலும் பழைய நாள் நிழலாய் விழுகின்றது. முனிபத்தினியர் விலகிப் போகின்றனர். அவளைத் தாங்கி நிற்பது, தன்னைக் குற்றமற்றவள் என்று கண்ட இராமன்மேல் வைத்த நம்பிக்கை ஒன்றே. வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளித்த செய்தியைச் சொல்கிறாள். அதனை ஏற்றவன் இராமன் என்று கேட்ட அளவிலே அந்த நம்பிக்கை நொறுங்குகின்றது. தனக்கொரு நீதி, சீதைக்கொரு நீதியா என்ற வினா அவளை விட்டகலவில்லை. முடிவிலே அகலிகை மீண்டும் கல்லாகிறாள்.

அகலிகையை முதன்முறை கல்லாக்கியது முனிவரின் சாபம். மறுமுறை கல்லாக்கியது நம்பிக்கையின் முறிவு. அந்த முறிவுக்குப் பொறுப்பாளி யார் என்ற வினாவை ஆசிரியர் படிப்போர்முன் வைத்து நிறுத்திக்கொள்கிறார். பக்தியுள்ள குடும்பத்திலே இக்கதையைப் படித்துச் சினந்தவர்கள் உண்டு. சினம் இயல்பே. ஆயினும் பிரவுணின் மனைவிக்கும் அகலிகைக்கும் நேர்ந்தது ஏறக்குறைய ஒன்றே என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். கணவன் காட்டில் கண்ட காட்சியால் ஒருத்தி வாழ்நாள் முழுவதும் தண்டிக்கப்பட்டாள். உலகத்தார் வாய்க்கு அஞ்சிய நீதியால் மற்றொருத்தி கல்லானாள்.

இங்கே ஒரு தடை எழலாம். பழைய கதைகள் நம்பிக்கையை வளர்த்தன. இப்புதிய கதைகள் அதனைக் குலைக்கின்றன என்பர் சிலர். மாறனார் கதையை மீண்டும் நோக்கினால் இத்தடை நீங்கும். மாறனாருடைய சோதனை நிகழ்ந்த இடம் கோயிற் கருவறை அன்று. மழையிரவிலே அவர் வீட்டு வாயில். வந்தவர் இன்னார் என்ற அறிவு அவருக்கு இருந்திருப்பின் அது சோதனையே ஆகாது. சிறுகதை ஆசிரியர்கள் அந்த அறிவைப் படிப்பவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். செர்கியஸுக்குப் பாஷெங்காவின் வீட்டிலும், பிரவுணுக்கு மறுநாட் காலைத் தெருவிலும், கௌதமருக்குத் தம் குடிசையிலும் அந்த வாயிலே அமைந்திருந்தது. அயலவன் முன்னே நிற்கும்போது ஒருவன் என்ன செய்கிறான் என்பதிலேயே அவனுடைய தெய்வ நம்பிக்கை அளக்கப்படுகின்றது என்பதில் சேக்கிழாரும் தோல்ஸ்தோயும் வேறுபடவில்லை.

தீவகத்து மக்களுக்கு இது நூலறிவு மட்டும் அன்று. நன்னீர் அரிதான இத்தீவுகளிலே ஒரு குடம் தண்ணீர் பெருஞ்செல்வம். அத்தண்ணீர் சாதியின் பெயரால் சிலருக்கு மறுக்கப்பட்ட காலம் இருந்தது. 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம், 1965 இலே 'புதுயுகம் பிறக்கிறது' என்ற சிறுகதைத் தொகுதியைத் தந்தவர். ஆன்மிகத்தில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். 1971 ஆம் ஆண்டிலே ஒடுக்கப்பட்டோர் நன்னீர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காகத் தம் ஊரிலே அவர் போராடினார். 1973 இலே, நாற்பது வயது நிரம்புமுன் மறைந்தார். கிணற்றடியிலே குடத்தோடு நின்றவர்களை விரட்டியவர்களும் மாறனார் கதையைக் கேட்டு உருகியவர்களாகவே இருந்திருப்பர். விருந்தினர் சிவபெருமான் என்று தெரிந்த கதையிலே உருகுதல் எளிது.

பின்னர் வந்த போரும் இம்மக்களைச் சோதித்தது. 1990 களின் தொடக்கத்திலே தீவக ஊர்கள் பலவற்றின் மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். புளியங்கூடல் போன்ற ஊர்களிற் பிறந்தோர் இன்று உலகின் பல நகரங்களில் வாழ்கின்றனர். இழந்தவை பலருக்கு இருமடங்காக மீளவில்லை. சீராளனைப் போல எல்லாப் பிள்ளைகளும் ஓடி வரவுமில்லை. அவ்வாறான வேளையிலே யோபின் நண்பர்களைப் போலக் காரணம் கற்பித்துக் குற்றஞ் சாட்டுவோரும் இருந்தனர்; தம் பானையில் இருந்ததைப் பகிர்ந்து, முன்பின் அறியாதவரைத் தம் கூரையின் கீழ்ச் சேர்த்துக்கொண்டோரும் இருந்தனர். முடிவில் வானவர் தோன்றாத கதை எத்தகையது என்பதை இவர்கள் வாழ்ந்தே அறிந்தார்கள்.

ஆதலின் புராண படனம் கேட்கும் பழக்கமும் நல்ல சிறுகதை படிக்கும் பழக்கமும் ஒரே வீட்டில் இருத்தல் தகும். சோதனையின் இறுதியிலே ஒளி உண்டு என்ற உறுதியைப் புராணம் தருகின்றது. அந்த ஒளி தோன்றுமுன் இருக்கும் இருளிலே நடக்கச் சிறுகதை பழக்குகின்றது. கோயிலிலே மாறனார் கதையைக் கேட்டு வீடு திரும்புபவர், அன்றிரவு படலையிலே யாரேனும் வந்து குரல் கொடுத்தால், வந்தவர் யார், எந்த ஊர், எந்தக் குலம் என்று கேட்குமுன் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாராயின், அக்கதையை அவர் விளங்கிக்கொண்டவராவார்.